அலைக்குக் காத்திருப்போர்



"ஏனுங்க சாமி, பையன் முதுகில் ஒரு மூட்டையை மாட்டிக்கொண்டு கோவளம் போய்ப் பத்து நாள் ஆச்சுங்க. கடலில் பலகைமேல் நிற்கப் பழகுகிறானாம். இங்கே ஆர்டர் தேங்கிக் கிடக்குதுங்க. நீங்கள்தான் புத்தி சொல்லி அழைத்து வரவேண்டுமுங்க."

நம் பங்கைச் சேர்ந்த லேத் பட்டறை உரிமையாளர் ஒருவர் சென்ற ஆடி மாதம் நம்மிடம் இவ்வாறு முறையிட்டார். அலுவல் காரணமாகச் சென்னை செல்லவிருந்த நாம் இசைந்தோம். சேரன் விரைவு வண்டியில் கண்டிப்பான சொற்களை மனத்தில் அடுக்கிக்கொண்டே பயணமானோம்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ளது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம். பழைய மீனவ ஊர். கார்மேல் அன்னை ஆலயமும் தர்காவும் அங்கே அண்டை வீட்டாராய் விளங்குகின்றன. 2013இல் அலைச்சறுக்கு விழா நடந்தபின் ஊரின் பெயர் வெளியே பரவியது. 2021இல் அதன் கடற்கரை நீலக்கொடித் தகுதி பெற்றது. இவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன் தாம் கற்ற அலைச்சறுக்கை ஊர்ச் சிறுவர்க்கும் கற்பித்தார். குடிக்கவும் புகைக்கவும் கூடாது என்பது அவர் வகுத்த விதி.

மறுநாள் விடியலில் நாம் கரையில் நின்றோம். புதிதாய்ப் பழகுவோர் முதலில் மணலிலேயே பலகையைக் கிடத்தி, குப்புறப் படுத்து, ஒரே துள்ளலில் எழுந்து நிற்கப் பயில்கின்றனர். பின்னர்க் கணுக்காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீரில் இறங்குகின்றனர். ஆயினும் நாம் கண்டவற்றுள் பெரும்பகுதி காத்திருப்பே! பலகைமேல் அமர்ந்து தொடுவானத்தையே நோக்கியிருக்கின்றனர். தெற்கே தொலைதூரப் பெருங்கடலில் வீசும் புயற்காற்றில் பிறந்த அலை, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து தன் வேளையில் வருகிறது. அதனை விரைவுபடுத்த எந்த முதலாளியாலும் இயலாது.

இளைஞன் நீர் சொட்ட வந்து வணங்கினான். "வேலையை விட்டுவிட்டு இங்கே சும்மா கிடக்கலாமா?" என்றோம்.

அவன் சற்று நேரம் மணலைப் பார்த்திருந்தான். "சாமி, சித்திரையில் ஓர் இரவு மெஷின் முன்னால் கண் அயர்ந்துவிட்டேன். சட்டைக் கையை இழுத்தது. ஒரு நொடி தாமதித்திருந்தால் கை போயிருக்கும். தொடர்ந்து பதினெட்டு இரவுகள் வேலை. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால், தம் காலத்தில் எப்படி உழைத்தார் என்பார். இங்கே வந்த பிறகுதான் உறக்கம் வருகிறது."

நாம் அடுக்கி வைத்த சொற்களுள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. ஹவாய்த் தீவினர் தொன்றுதொட்டுப் பயின்ற இவ்விளையாட்டை, 19ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற மறைபோதகர் பலர் வீண்பொழுது என்று எண்ணினர். இன்று அது ஒலிம்பிக் போட்டிகளுள் ஒன்று. கேட்டறியுமுன் தீர்ப்பிட்ட அவர்களது பிழையை நாமும் செய்தோம்.

ஒன்று கூறவேண்டும். கடல் அறியாத நம் கொங்குப் பிள்ளைகள் பயிற்சியாளர் துணையின்றி இறங்கலாகாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால், எதிர்த்துப் போராடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகவேண்டும். ஐப்பசி, கார்த்திகைக் கொந்தளிப்பு புதியவர்க்கு உரியதன்று. மேலும், அளவு கடந்த ஓய்வு சோம்பலாகிவிடும் என்பதையும் மறவற்க.

அவ்விளைஞன் ஞாயிறன்று வீடு திரும்பினான். நம் வேண்டுகோளுக்கிணங்கி நடந்ததைத் தானே தந்தையிடம் கூறினான். அவர் சினக்கவில்லை, மகனின் வலக்கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாராம். இப்போது அப்பட்டறையில் இரவு பத்து மணிக்கு மேல் மெஷின் ஓடுவதில்லை.

பெற்றோர்களே, பிள்ளை சும்மா இருக்கிறான் என்று சினக்குமுன், எதனால் அவன் களைத்தான் என்று ஒருமுறை கேட்டதுண்டா? சிந்திப்போம்.