மலையைக் குடைந்தால்தான் விஞ்ஞானமா?

"விஞ்ஞானத்தின் விரோதிகள்!" போடி மேற்கு மலையைக் குடையாதே என்று குரல் கொடுத்த நாள்முதல் நமக்குச் சூட்டப்படும் பட்டம் இது. சூட்டுவோர் படித்தவர்கள், பத்தி பத்தியாக எழுதுபவர்கள். அவர்களுக்குப் பதிலுரைக்கும் கடமை நமக்கு உண்டு. வசை பாடி அல்ல, வாதம் தொடுத்து!

2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு ஒப்புதல் தந்தது. பொட்டிப்புரத்தை அடுத்த மலையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கம். அதனுள் 50,000 டன் இரும்பாலான நியூட்ரினோ ஆய்வுக் கருவி. அருகே மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. ஆறுகளைப் பெற்றெடுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆகவேதான் தமிழகம் மறுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு தன் மறுப்பை உச்சநீதிமன்றத்திலும் தெரிவித்தது.

தோழர்களே! நியூட்ரினோ நம்மைச் சுட்டெரிக்கும் என்பதல்ல நம் வாதம். இந்த வரியைப் படிக்கும் நொடியிலும் அது கோடி கோடியாக நம் உடலை ஊடுருவிச் செல்கிறது, தீங்கேதும் இழைக்காமல். அதைக் காட்டி அச்சுறுத்துவோர் நம் மேடையிலேயே இருந்தாலும், அவர்கள் சொல்வது பொய். நியாயமான வழக்குக்குப் பொய்ச்சாட்சி எதற்கு?

நம் கேள்வி வேறு: விஞ்ஞானம் யார் கையில்?

1965ஆம் ஆண்டு. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை உலகில் முதன்முதலாகக் கண்ட இரு குழுக்களுள் ஒன்று, கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே ஆய்வு நடத்திய குழு. பெருமைதான்! ஆனால் அந்தச் சுரங்கத்தில் இறங்கி, பாறையைப் பிளந்து, நுரையீரலைப் பறிகொடுத்தவர்களுள் பெரும்பாலோர் யார்? தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த விஞ்ஞானத்தில் எத்தனை துளி கிடைத்தது?

இப்போது ஒரு சிறு பெட்டியைப் பாருங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் போலந்து நாட்டு ஆய்வாளரும் வடிவமைத்த 'காஸ்மிக் வாட்ச்' என்னும் கருவி அது. துகள் பட்டால் மினுங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அந்த மினுக்கத்தை மின்துடிப்பாக்கும் ஓர் உணரி. துடிப்புகளை எண்ண ஓர் 'ஆர்டுயினோ' பலகை. பாகங்களின் விலை ஏறத்தாழ நூறு டாலர். செய்முறையும் சுற்றுப்படமும் நிரலும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. அது எண்ணுவது மியூயானை. வானத்தில் நியூட்ரினோவோடு சேர்ந்து பிறக்கும் உடன்பிறப்பு அது! போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் பேருந்தில் இந்தப் பெட்டியோடு ஒரு மாணவி அமர்ந்தால், உயரம் கூடக் கூட எண்ணிக்கை கூடுவதைத் தன் கண்ணாலேயே காண்பாள். எந்த மலை உடைந்தது? எந்த ஊற்று வறண்டது?

நியூட்ரினோவின் புதிரை இந்தப் பெட்டி அவிழ்த்துவிடும் என்று நான் புளுகவில்லை. அதற்குப் பெருங்கருவி வேண்டும். ஆனால் பெருங்கருவி மட்டுமே விஞ்ஞானம் என்போர்க்குச் சொல்வேன்: உச்சியில் ஒரு கோபுரம், அடியில் இருட்டு என்றால் அதன் பெயர் அறிவியல் அல்ல, ஆதிக்கம்.

ஓதக்கூடாது, கேட்கக்கூடாது என்று ஒரு காலத்தில் ஏட்டைப் பூட்டி வைத்தார்கள். இன்று கருவியைப் பூட்டுகிறார்கள். முத்திரையிட்ட பெட்டி, திறந்தால் உத்தரவாதம் போயிற்று, பழுதானால் வெளியூரிலிருந்து பொறியாளர் வரவேண்டும். அந்தப் பூட்டை உடைத்தது 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்த ஆர்டுயினோ. டெல்லியில், பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய 'எக்ஸ்ப்ஐஸ்' ஆய்வுப்பெட்டியும் அதே இனம்: திறந்த வரைபடம், குறைந்த விலை.

ஏலமலைச் சரிவுக்கு இது விளையாட்டல்ல, உயிர்ப் பிரச்சினை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டோரை விழுங்கிற்று. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது; தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உறங்கிய லயங்கள் மண்ணுக்குள் போயின; மாண்டோர் 70 பேர், பெரும்பாலோர் தமிழர். செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று.

மழைமானியின் உள்ளே இருப்பது என்ன? நீர் நிறைந்ததும் கவிழும் சிறு வாளி, கவிழும்போது சொடுக்கியை இயக்கும் காந்தம், அதை எண்ணும் பலகை. செல்பேசிக் கோபுரம் செத்தாலும் சில கிலோமீட்டர் தொலைவுக்குச் செய்தி அனுப்பும் 'லோரா' வானொலி உண்டு. இந்தப் பெட்டி மலைச்சரிவைத் தடுக்காது. ஆனால் "இந்தச் சரிவில் இத்தனை மணி நேரத்தில் இத்தனை மழை" என்று நள்ளிரவிலும் சொல்லும். லயத்து வாசலில் ஒரு சங்கு ஒலிக்க அது போதாதா?

"மலிவுக் கருவி துல்லியமற்றது" என்பார்கள். உண்மை! உயர்தரக் கருவியின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்தம் காண வேண்டும். ஈரத்திலும் பூஞ்சையிலும் கெடாமல் காக்க வேண்டும். ஆனால் ஒரு சரிவில் கொட்டும் மழை அடுத்த சரிவில் தூறலாக இருக்கும் மலையில், ஊருக்குள் நிற்கும் ஒரே ஓர் உயர்ந்த கருவியைவிட, சரிவுக்கொன்றாக நிற்கும் நூறு எளிய கருவிகள் அதிக உண்மை பேசும்.

மலைக்கு அப்பால் கேரளம் 2022இன் இறுதியில் 2,000 பள்ளிகளுக்கு ஆர்டுயினோ அடங்கிய 9,000 பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. மலைக்கு இப்பால் நாம் கேட்பது இதுதான். போடி வட்டாரத்து அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்வு மேசை. தமிழில் செய்முறை நூல். தோட்டந்தோறும் மழைமானி, அதன் கணக்கு முதலாளியின் அலமாரியில் அல்ல, தொழிலாளியின் கண்முன்.

கழகத் தோழர்களுக்கும் ஒரு சொல். பஞ்சாங்கத்தைப் பழித்து மேடையில் கைதட்டு வாங்குவது எளிது. ஏலக்காய் விவசாயி ஏன் பஞ்சாங்கம் பார்க்கிறார்? அவர் சரிவின் மழையை அளந்து சொல்ல வேறு எதுவும் இல்லாததால்! மன்றந்தோறும் படிப்பகம் கண்ட இயக்கம் இது. இனி அந்தப் படிப்பகத்தின் மூலையில் ஒரு பற்றவைப்புக் கோலும் ஒரு மின்சுற்றுப் பலகையும் இருக்கட்டும்.

மலையைக் காப்போம் என்றோம், அதில் மாற்றமில்லை. அந்த மலையை அளக்கும் கருவியை மலைமக்களின் கையில் கொடுப்போம். அதன்பிறகு கேட்கட்டும், விஞ்ஞானத்தின் விரோதி யார் என்று!