சிலிண்டருக்குக் கதவு போடுமுன்

பென்ட்ரி கபட்டுக்கு எவ்வளவு முடிந்தது என்று நிறையப் பேர் இன்பொக்ஸில் கேட்டுவிட்டீர்கள். கணக்கைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன் ஒரு விஷயம்.

ஆசிரியர் சம்பளத்துக்கு பாஸ் சொன்ன விலை கட்டுபடியாகவில்லை. லீவில் நாங்களே இறங்கினோம். பழைய கொங்கிரீட் தட்டை உடைக்காமல் அதற்குக் கீழே கதவு மட்டும் அடித்தோம். சிங்குக்குக் கீழே எம்டிஎஃப் போடாதீர்கள். குழாய் கொஞ்சம் ஒழுகினாலும் தேத்தண்ணியில் விழுந்த பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். அங்கே அலுமினியம்தான். (முதல் கதவு கோணல். உம்மா இன்னும் சிரிக்கிறார்.)

நாங்கள் பிழை விட்டது காஸ் சிலிண்டரில். பார்வைக்கு நல்லாயிருக்கட்டும் என்று அதையும் இறுக்கி மூடினோம். இரண்டாம் நாள் உம்மா கதவைத் திறக்க, குப்பென்று காஸ் வாடை. ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கிறது. நல்லவேளை, லைட் சுவிட்சைத் தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

2021 கடைசியில் நாட்டில் எத்தனை குசினிகளில் காஸ் வெடித்தது! அதற்குள் மறந்துவிட்டோம். இந்த காஸ் காற்றைவிடப் பாரம். மேலே போகாது, கபட்டின் அடியிலேயே தேங்கி நிற்கும். கதவின் மேல்பக்கம் துளை போட்டுப் பிரயோசனமில்லை. தரையோடு இடைவெளி வேண்டும். எங்களைக் கேட்டால், வெளியே காற்றோட்டமான இடத்தில் சிலிண்டரை வையுங்கள். அதற்கு இடமில்லையா, அந்த ஒரு கதவைப் போடவே வேண்டாம்.

எங்களுடையதைக் கழற்றிவிட்டோம். வருகிறவர்கள் எல்லாம், "அது மட்டும் ஏன் திறந்து கிடக்கு?" என்கிறார்கள். கிடக்கட்டும்.