பரீட்சை முடிந்த மறுநாள்...?

 

பிளஸ் டூ முடிவு வரும்போதெல்லாம் பேசப்படும் மாவட்டம் நம்முடையது. 2018இல் 97.05 சதவீதத் தேர்ச்சி, மாநிலத்தில் முதலிடம். 2023இல் 97.85 சதவீதம், மீண்டும் முதலிடம். அந்தக் கணக்கில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

அதே 2018இல் மத்திய அரசு வெளியிட்ட இன்னொரு பட்டியலிலும் விருதுநகர் இடம்பெற்றது. ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று அதற்குப் பெயர். பின்தங்கியவை என்பதைத்தான் அப்படிப் பக்குவமாகச் சொன்னார்கள். மார்க்கில் முதல் வரிசை; வாழ்வில் பின்வரிசை! இது எப்படி?

காரணங்கள் பல இருக்கலாம். நம் கண்முன்னால் தெரிகிற ஒன்றைச் சொல்கிறோம். பரீட்சை எழுதும் நாள்வரை பிள்ளையோடு ஆசிரியர் இருக்கிறார். பரீட்சை முடிந்த மறுநாள் அவன் கையைப் பிடிக்க யாருமில்லை.

அந்த மறுநாளில் என்ன நடக்கிறது? ‘லீவுதானே, சும்மா இருப்பதற்கு நாலு காசு சம்பாதிக்கட்டும்’ என்று பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் அனுப்புகிறோம். வியாபாரி வீட்டுப் பிள்ளை கல்லாவில் உட்காருகிறான். லீவு முடிகிறது; வேலை முடிவதில்லை. வாரக் கூலியைக் கையில் பார்த்தவன் மறுபடியும் புத்தகத்தைத் தொடுவதில்லை.

18 வயது நிரம்பாதவரை வெடிமருந்து வேலையில் அமர்த்துவது 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகியதை மறக்க முடியுமா? பட்டாசுத் தொழிலை நாம் பழிக்கவில்லை; ஆயிரமாயிரம் அடுப்புகள் அதனால் எரிகின்றன. ஆனால் 2018இல் உச்சநீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும் பார்த்தோம். வேறு வழியே தெரியாமல் அந்த வேலைக்குள் ஒரு பிள்ளை போவதைத்தான் கூடாது என்கிறோம்.

ஒரு தந்தையின் கேள்வி

நான் ஜும்ஆ உரை நிகழ்த்தும் பள்ளிவாசலில் ஒருநாள் தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் வந்தார். சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவர். மகன் எட்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தான். ‘நல்ல ஸ்கூலில் படிக்கட்டும்’ என்று ஒன்பதாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றினார். கடை முதலை எடுத்துப் பீஸ் கட்டினார். பையனும் ஏமாற்றவில்லை, நல்ல மார்க்.

“ஹஜ்ரத், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்காமே. எட்டு வருஷம் அங்கேதானே படிச்சான், என் மகனுக்குக் கிடைக்குமா?” என்று கேட்டார்.

கிடைக்காது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மார்க் ஷீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அந்த நான்கு ஆண்டுகளும் வாரந்தோறும் என் எதிரில் அமர்ந்து பயான் கேட்டவர் அவர்! ஒரு ஜும்ஆவிலாவது இதை நான் சொன்னேனா? குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல் முதலான தொழிற்கல்விகளுக்கும் வந்தது. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. பள்ளி மாற்றும் முன் இதை யோசியுங்கள்.

2007இல் நமக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக எத்தனை மாநாடு, எத்தனை போராட்டம்! ஆனால் சாதிச் சான்றிதழில் வெறுமனே ‘முஸ்லிம்’ என்றிருந்தால் போதாது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, ஷேக், சையத், அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளா என்று பட்டியலில் உள்ள பிரிவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கவுன்சிலிங் நெருங்கும்போது தாலுகா ஆபீஸுக்கு ஓடாமல் பத்தாம் வகுப்பிலேயே சரிபார்த்து வையுங்கள். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வாங்குங்கள். கவுன்சிலிங்கில் தொழிற்கல்வி சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அது வீட்டில் ஒருவருக்குத்தான்.

பிளஸ் ஒன் குரூப்பை நண்பன் எடுத்தான் என்று எடுக்காதீர்கள். கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்தால் பொறியியலின் வாசல் பெரும்பாலும் அடைபட்டுவிடும். பத்தாவதோடு நிறுத்த நினைப்பவன் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படித்தால், பிறகு நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

தேர்வில் தவறிவிட்டானா? ஏசாதீர்கள்! துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். மதரஸாவில் ஓதும் பிள்ளையும் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவதும் பிளஸ் டூவும் எழுத முடியும்.

பிளஸ் டூ முடித்ததும் பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடும் பெற்றோரே! கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவனுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கின. அரசுப் பள்ளியிலும், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலும் படித்தவர்களுக்கானவை. பஸ் காசுக்கு வழியில்லை என்று படிப்பை நிறுத்தும் முன் கல்லூரியில் விசாரியுங்கள்.

பக்கத்துத் தெருவில் பாடம்

வியாபாரப் பெருமக்களே! விருதுநகர் நாடார் சமுதாயம் எப்படி எழுந்தது? வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி க்ஷத்திரிய வித்யாசாலாவை நடத்தினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. 1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1963இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று அந்தச் சமுதாயத்தவர் நிறுவிய கல்லூரிகளில் இன்று நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் பணமில்லாதவர்களை, மதீனாச் சிறுவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லி விடுவித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். எதிரியிடமிருந்தும் கல்வியைப் பெற்ற சமுதாயம் இது! அண்டை வீட்டுக்காரரிடமிருந்து நல்லதைக் கற்பதில் என்ன தயக்கம்?

ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு பதிவேடு திறப்போம். மஹல்லாவில் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகள் யார், என்ன படிக்க ஆசை, எந்தச் சான்றிதழ் இல்லை என்று எழுதுவோம். படித்து வேலையில் இருக்கும் இளைஞனே, அதில் ஐந்து பிள்ளைகளை நீ பொறுப்பேற்றுக்கொள். கவுன்சிலிங் நாள்வரை கூடவே போ. கடைக்காரரே, பரீட்சை முடிந்த மறுநாள் உங்களிடம் வேலை கேட்டு வரும் பையனிடம் ‘கல்லூரிக்கு மனுப் போட்டாயா?’ என்று முதலில் கேளுங்கள். போடவில்லையென்றால் மனுவுக்கான காசை நீங்கள் கொடுங்கள்.

முதல் மார்க் வாங்கியவனுக்கு மேடை போட்டு ஷீல்டு கொடுப்பது நல்லதுதான். ஷீல்டு அலமாரியில் இருக்கும். பிள்ளை எங்கே இருப்பான்?

வரும் ஜும்ஆவில் என் பயானின் தலைப்பு இதுதான், இன்ஷா அல்லாஹ். உங்கள் பள்ளிவாசலில்?

சிந்திப்போம்! செயல்படுவோம்!