ஒரே சாவி, எல்லா ரூமும்: லாட்ஜ், ஹாஸ்டல் 'மாஸ்டர் கீ' எவ்வளவு பாதுகாப்பு?

ஆருத்ரா தரிசனம், ஆனித் திருமஞ்சன நாட்களில் சிதம்பரத்து லாட்ஜ்களில் ரூம் கிடைப்பதே பெரிய விஷயம். கடலூரில் சிப்காட் வேலையாக வந்து வாரக்கணக்கில் தங்குபவர்களும் உண்டு. சாவியை வாங்குகிறோம், லேப்டாப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறோம். அதே கதவைத் திறக்கும் இன்னொரு சாவி ரிசப்ஷன் டிராயரில் இருக்கலாம். அதுதான் மாஸ்டர் கீ.

சாவி தொலைந்தாலோ, உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாலோ அது கட்டாயம் தேவை. ஆனால், அந்த வசதிக்காக நம் ரூம் பூட்டின் பாதுகாப்பு கொஞ்சம் குறைகிறது. எப்படி?

பூட்டுக்குள்ளே என்ன இருக்கு?

கதவோடு சேர்ந்த சிலிண்டர் பூட்டுகளில் பல, 'பின் டம்ப்ளர்' வகை. 1860-களில் அமெரிக்கர் லைனஸ் யேல் ஜூனியர் செம்மைப்படுத்திய டிசைன் இது. சாவியோடு சேர்ந்து சுழலும் ஓர் உருளை, அதன் மேல் வரிசையாக ஐந்தாறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பிரிங், அதன் கீழே இரண்டு துண்டாக ஒரு பின். இரு துண்டுகளும் சந்திக்கும் இடம், உருளையின் விளிம்பு மட்டத்துக்கு வர வேண்டும். எல்லா பின்னும் அப்படி வந்தால்தான் உருளை சுழலும். சாவியின் வெட்டுகள் செய்வது அந்த வேலையைத்தான்.

விரலுக்கு எப்படித் தெரியுது?

துளைகள் நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் அமைவதில்லை. மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால், ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதை மெல்ல உயர்த்தினால், சரியான மட்டத்தில் சின்னதாக ஒரு 'டிக்'. உருளை இம்மியளவு நகரும். பிறகு அடுத்த பின். சாவி தொலைந்த வீட்டில் பூட்டு ரிப்பேர்காரர் கம்பியால் திறப்பது இப்படித்தான். கண்ணுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் விரல் உணர்வுதான்.

மாஸ்டர் கீ வந்தால் என்ன மாறுது?

பின்னின் இரு துண்டுகளுக்கு நடுவே மெல்லிய மூன்றாவது துண்டு ஒன்றை வைப்பார்கள். இப்போது ஒரே துளையில் இரண்டு சந்திப்புகள். ஒன்று ரூம் சாவிக்கு, மற்றொன்று மாஸ்டருக்கு. இரண்டில் எது மட்டத்துக்கு வந்தாலும் 'டிக்' கிடைக்கும், அந்த பின் வழிவிடும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஐந்து துளையிலும் இப்படி இருந்தால் 2×2×2×2×2, அதாவது 32 சேர்க்கைகள். ரூம் சாவியும் மாஸ்டரும் போக, இன்னும் 30 சாவி வடிவங்கள் கோட்பாட்டளவில் அந்தக் கதவைத் திறக்கும். ஆறு துளை என்றால் மொத்தம் 64. கம்பியால் திறப்பவருக்கு வேலை சுலபம். ஒரு குழப்பமும் உண்டு: கிடைத்த 'டிக்' எந்தச் சாவிக்கு உரியது என்று விரலுக்குத் தெரியாது. கதவு திறக்கும், ஆனால், அந்த உணர்வை மட்டும் நம்பி மாஸ்டர் கீ செய்துவிட முடியாது.

அப்போ பெரிய ஆபத்து எது?

மாஸ்டர் கீயின் வடிவம் வெளியே போவது. ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் இருந்த மாட் பிளேஸ் 2003-ல் இதை விளக்கினார். சாதாரண ரூம் சாவி ஒன்று, அதன் பூட்டு, சில வெற்றுச் சாவிகள் இருந்தால் போதும், பூட்டைக் கழற்றாமலே மாஸ்டரின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார்.

இன்னொரு உதாரணம், டிராலி பேக்கில் இருக்கும் 'டிஎஸ்ஏ' பூட்டு. அமெரிக்க விமான நிலையச் சோதனைக்கான அதன் மாஸ்டர் சாவிகளின் போட்டோ 2014-ல் வாஷிங்டன் போஸ்ட்டில் வெளியானது. 2015-ல் அவற்றை 3டி பிரின்டரில் அச்சடிக்கும் ஃபைல்கள் இணையத்துக்கு வந்துவிட்டன. ஒரு சாவி கசிந்தால் ஒரு பூட்டு அல்ல, அந்த வரிசையே போச்சு.

நாம் என்ன செய்யலாம்?

* ரூமுக்குள் இருக்கும்போது தாழ்ப்பாளையும் போடுங்கள். வெளியிலிருந்து சாவியால் திறக்க முடியாதது அது.
* கதவில் கொண்டி இருந்தால், நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு சொந்தப் பூட்டு போடுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டாகவும் இருக்கலாம். நீங்கள் வாங்கிய பூட்டுக்கு ரிசப்ஷனில் மாஸ்டர் இருக்காது.
* ரூம் சாவியை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.
* மாதக்கணக்கில் தங்குகிறீர்களா? மூன்று கேள்வி கேளுங்கள்: மாஸ்டர் யார் கையில் இருக்கிறது? அதை எடுத்தால் பதிவேட்டில் எழுதுகிறார்களா? தொலைந்தால் எத்தனை பூட்டுகளை மாற்றுவார்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். சரியான பதில், 'அந்தச் சாவி திறக்கும் எல்லாப் பூட்டையும்' என்பதுதான். செலவு அதிகம் என்பதால் தள்ளிப்போடத் தோன்றும். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் ஆபத்து ரூமில் தங்கியிருப்பவருக்குத்தான்.