‘சர்வர் டவுன்’ என்று சொல்ல யாருக்கு உரிமை?



எங்கள் காலத்தில் அலுவலகங்களில் ஒரு வாக்கியம் உண்டு: "ஆபீசர் கேம்ப் போயிருக்கார்." அதைக் கேட்டதும் மனு கொண்டுவந்தவர் பேசாமல் திரும்பிப் போய்விடுவார். அந்த வாக்கியத்தின் இன்றைய வாரிசு "சர்வர் டவுன் சார்." ராஜபாளையத்திலும் சொல்கிறார்கள், பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சொல்கிறார்கள். சொல்பவர் முகத்தில் ஒரு நிம்மதி கூடத் தெரிகிறது. ஆபீசராவது மாலையில் திரும்பி வருவார்.

சர்வர் படுப்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ரோடு தோண்டும்போது கேபிள் அறுந்திருக்கும், கரண்ட் போயிருக்கும், இல்லை வாங்கிய இயந்திரமே சிறியதாக இருக்கும். ஒரே ஒரு காரணம் மட்டும் வேண்டுமென்றே செய்யப்படுவது. அதாவது, வேலையே இல்லாதவர்களை லட்சக்கணக்கில் அனுப்பி வாசலை அடைத்துவிட்டு, வேலை உள்ளவனை உள்ளே விடாமல் செய்வது. இதில் திருட்டு இல்லை, பூட்டு உடைப்பு இல்லை. அதனாலேயே நம்மவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘டினையல் ஆஃப் சர்வீஸ்’ என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு ‘தெனி த செர்வீஸ்’ என்று பிரெஞ்சில் பார்த்தபோதுதான் அதன் கனம் புரிந்தது. பிரெஞ்சில் ‘தெனி’ என்ற சொல் உடனே நினைவுபடுத்துவது ‘தெனி த ஜுஸ்தீஸ்’ என்ற சட்டச் சொல்லை. 1804இல் நெப்போலியன் காலத்தில் வந்த ‘கோத் சிவில்’ சட்டத்தின் 4ஆவது பிரிவு அது. சட்டத்தில் இதற்கு வழி சொல்லவில்லை, சட்டம் தெளிவாக இல்லை, சட்டம் போதவில்லை என்றெல்லாம் சாக்குச் சொல்லி ஒரு நீதிபதி தீர்ப்பளிக்க மறுத்தால், அவர் மீதே வழக்குத் தொடரலாம். நியாயம் கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவதே குற்றம். இருநூறு வருடத்துக்கு முன்னால் யோசித்திருக்கிறார்கள். நம்முடைய ‘சர்வர் டவுன்’ சாக்கை அந்தக் கண்ணோட்டத்தில் யாராவது பார்க்கிறார்களா?

இந்தத் தாக்குதல் எப்படி நடக்கிறது என்பதை ஒரு கிளார்க்கின் மேஜையை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் வந்து "மனு கொடுக்கலாமா?" என்று கேட்கிறார். கிளார்க் "கொடுங்கள்" என்று சொல்லி, அவர் பெயருக்கு ஒரு ஃபைல் திறந்து மேஜையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அந்த ஆள் மனுவைக் கொடுக்காமல் போய்விடுகிறார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும் அப்படியே. கால் மணி நேரத்தில் மேஜை முழுவதும் வெற்று ஃபைல்கள். உண்மையான மனுதாரர் வரும்போது ஃபைல் வைக்க இடமில்லை. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும் முறையும் இதேதான். "வரலாமா", "வாருங்கள்", "வந்துவிட்டேன்" என்று மூன்று பேச்சு. மூன்றாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் பொய் விலாசங்களிலிருந்து ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும், சர்வர் மூச்சுத் திணறிவிடும். 1996 செப்டம்பரில் நியூயார்க்கில் பானிக்ஸ் என்ற இணைய நிறுவனத்தை இப்படித்தான் நாள் கணக்கில் முடக்கினார்கள்.

அதற்குக் கண்டுபிடித்த மாற்று எனக்கு மிகவும் பிடித்தது. எந்த நல்ல ஹெட் கிளார்க்கும் செய்யக்கூடியது. முதல் கேள்விக்கே ஃபைல் திறக்காதே. வந்தவர் கையில் ஒரு துண்டுச் சீட்டில் நம் ரகசியக் குறியைப் போட்டுக் கொடுத்துவிடு. மேஜையில் எதையும் வைத்துக்கொள்ளாதே. அந்தச் சீட்டோடு அவர் திரும்பி வந்தால், குறி சரியா என்று பார்த்துவிட்டு அப்போது ஃபைல் திற. பொய் விலாசக்காரனுக்குச் சீட்டே போய்ச் சேராது, எனவே திரும்பி வரமாட்டான். இந்த யோசனையும் அதே 1996இல் வந்ததுதான். இன்றும் பயன்படுகிறது.

பொய் விலாசத்தைத் தடுக்க இன்னொரு வழியும் உண்டு. இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனி, தன் வாடிக்கையாளரிடமிருந்து வெளியே போகும் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குட்பட்ட விலாசத்தைத்தான் அனுப்புநராகக் கொண்டிருக்கிறதா என்று பார்த்து அனுப்பினால் போதும். இப்படிச் செய்யுங்கள் என்று 2000ஆம் ஆண்டிலேயே தெளிவாக எழுதிவைத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடம் கழித்தும் உலகத்தில் எல்லாக் கம்பெனிகளும் இதைச் செய்வதில்லை. செலவு செய்வது ஒருவன், பலன் அடைவது வேறொருவன் என்றால் வேலை நடக்காது என்பது அரசாங்கத்தில் இருந்தவர்களுக்குப் புதிதல்ல.

இந்த வித்தையில் நம் மொழிக்காரர்கள் பெயரும் அடிபட்டிருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ‘இன்டர்நெட் கரும்புலிகள்’ என்று சொல்லிக்கொண்ட ஒரு குழு, வெளிநாடுகளில் இருந்த இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு வாரம் அனுப்பித் திணறடித்தது. இந்த வகைத் தாக்குதலின் வரலாற்றை எழுதுபவர்கள் ஆரம்ப உதாரணங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறார்கள். நாளைக்கு 800 கடிதம்! இன்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் படங்களே அதற்குப் பாதியாவது வந்துவிடும். அன்றைக்கு அது தூதரகங்களைத் திணறடிக்கப் போதுமானதாக இருந்தது.

இன்றைய கூட்டம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டு வாசலிலிருந்து. நான் கேலிக்குச் சொல்லவில்லை. 2016 செப்டம்பரில் பிரான்சின் பெரிய சர்வர் கம்பெனியான ஓவிஎச் மீது ஒரு தாக்குதல் நடந்தது. தாக்கியவை பெரிய கம்ப்யூட்டர்கள் அல்ல. வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த சிசிடிவி கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டிகளும்தான். ஒரு லட்சத்துக்கும் மேல். அடுத்த மாதம், அக்டோபர் 21ஆம் தேதி, டின் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினார்கள். இணைய விலாசங்களுக்கு டைரக்டரி போலப் பணிபுரியும் நிறுவனம் அது. அதை அடைத்ததால் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் என்று பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் பலருக்குக் கிடைக்கவில்லை.

கேமராக்களைப் பிடித்து வேலைக்கு வைத்த நிரலுக்கு ‘மிராய்’ என்று பெயர். அதில் இருந்த பெரிய ஆயுதம் அறுபது சொச்சம் வரிகள் கொண்ட ஒரு பட்டியல். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பெட்டிகளில் இருக்கும் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் அவை. ‘அட்மின்’, ‘12345’ என்கிற மாதிரி. வாங்கியவர்கள் மாற்றவில்லை. உச்சத்தில் ஆறு லட்சம் பெட்டிகள் வரை அதன் கையில் இருந்தன. எழுதியவர்கள் அமெரிக்காவில் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். விளையாட்டு சர்வர் வியாபாரப் போட்டியில் தொடங்கியது இது. 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் தெருவில் இப்போது இரண்டு வீட்டுக்கு ஒரு கேமரா. நான் காலை நடையில் சும்மா விசாரித்துப் பார்த்தேன். "பாஸ்வேர்டா? மாட்டிவிட்ட பையனுக்குத்தான் சார் தெரியும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில். மாட்டிவிட்ட பையனைப் பிடித்துக் கேட்டால், "எல்லாருக்கும் ஒரே நம்பர்தான் போடுவோம், அப்பத்தான் ரிப்பேருக்கு வரும்போது ஞாபகம் இருக்கும்" என்கிறான். அவன் மேல் குற்றமில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேமராவின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று பெற்ற பிறகே விற்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் அதற்கு முன்பே சுவரில் ஏறிவிட்ட கேமராக்களை யார் பார்ப்பது? போலீஸ் கேட்டுக்கொண்டதற்காக வியாபாரிகள் கைக்காசு போட்டு மாட்டியவை எத்தனையோ. மாட்டச் சொன்னவர்களே ஒரு நாள் ஆள் அனுப்பி பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தால் என்ன?

சரி, தடுக்கிற பக்கம் என்ன செய்கிறார்கள்? கூட்டத்தில் பொய்யான கூட்டம் எது, நிஜமான கூட்டம் எது என்று பிரிப்பதுதான் பெரிய கஷ்டம். ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஒரு கடைக்காரர் கடைக்குள் போக முடியாமல் நிற்பார். அங்கே யாரும் தாக்குதல் நடத்தவில்லை, எல்லோரும் தேர் பார்க்க வந்தவர்கள். 2021 ஏப்ரல் 28ஆம் தேதி மாலை 4 மணிக்குக் கோவின் தளத்தில் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்குத் தடுப்பூசிப் பதிவைத் திறந்தபோது அந்தத் தளம் தடுமாறியது. அதுவும் தேர்க்கூட்டம்தான். அன்று மட்டும் ஒரு கோடிக்கு மேல் பதிவு செய்தார்கள்.

ரயில் தட்கல் இரண்டும் கலந்தது. பொதிகையில் சென்னைக்கு அவசரமாகப் போகவேண்டிய நம்மூர்க்காரரும் காலையில் அங்கேதான் நிற்கிறார், ஏஜென்டின் தானியங்கி நிரலும் அங்கேதான் நிற்கிறது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்வதில் பாதி வரை மனிதர்களே இல்லை, நிரல்கள்தான் என்று ரயில்வே அமைச்சகமே 2025 ஜூனில் சொன்னது. இரண்டரைக் கோடி சந்தேகக் கணக்குகளை முடக்கினார்கள். நிரல்களை வடிகட்டும் ஏற்பாட்டையும், பல இடங்களில் நகல் வைத்து ஒரே வாசலில் நெரிசல் விழாமல் பிரித்துவிடும் ஏற்பாட்டையும் செய்தார்கள். (ஒரே பால்கோவாக் கடையில் முண்டியடிக்காமல் பஸ் ஸ்டாண்டிலும் ஒரு கிளை திறப்பது மாதிரி.) 2025 மே 22ஆம் தேதி காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானதாகக் கணக்குக் கொடுத்தார்கள். ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும்தான் இணையத்தில் தட்கல். முதல் அரை மணி ஏஜென்டுகளுக்கு இல்லை.

இந்த அரை மணி விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆதார் விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களைக் கேளுங்கள். திருடனை மட்டும் பிடிக்கிற நாயைத்தான் நல்ல நாய் என்பார்கள். எல்லோரையும் பார்த்துக் குரைக்கிற நாய்க்கு அந்தப் பெயர் இல்லை. போனை மாற்றிய பிறகு ஆதாரில் பழைய நம்பரே கிடக்கும் என் வயதுக்காரர்கள் எத்தனை பேர்?  இவர்களுக்கு ஓ.டி.பி. வராது. நிரலைத் தடுக்கப் போட்ட வேலி கிழவரைத் தடுத்தால், தாக்கியவன் செய்ய நினைத்ததை நாமே செய்து கொடுத்ததாகும்.

நம் சட்டத்திலும் இதற்கு இடமிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆவது பிரிவில், உரிமையுள்ள ஒருவருக்குக் கம்ப்யூட்டர் அணுகல் கிடைக்காமல் செய்வது தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆவது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை. அடைத்தவனுக்குத் தண்டனை உண்டு. அடைபட்ட வாசலில் நின்றவனின் வேலை அன்றைக்கு எப்படி நடக்கும் என்பதைத்தான் காணோம்.

பிரான்சு தபால் துறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2025 டிசம்பர் 22, கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். ‘லா போஸ்த்’தின் வலைத்தளமும் செயலியும் இப்படியொரு தாக்குதலில் முடங்கின. பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை. அவர்களுடைய வங்கிப் பிரிவின் இணைய சேவையும் நின்றது. ரஷ்ய ஆதரவுக் குழு ஒன்று நாங்கள்தான் செய்தோம் என்றது. ஆனால் கடிதங்கள் பட்டுவாடா ஆயின. வங்கி வேலைகளைக் கவுண்டரில் முடித்துக்கொள்ள முடிந்தது. பிரெஞ்சில் கவுண்டரை ‘கிஷே’ என்பார்கள். சுவரில் ஒரு சின்னத் துவாரம், அதற்குப் பின்னால் ஒரு மனிதர், அவ்வளவுதான். தளத்தைக் காப்பாற்ற எத்தனை வடிகட்டி வைத்தாலும் ஒரு நாள் ஒருவன் தாண்டி வருவான். அன்றைக்கு அந்தத் துவாரம் திறந்திருந்தால், அவன் தடுத்தது வலைத்தளத்தை மட்டும்தான், சேவையை அல்ல.

நம் ஊரில் அந்தத் துவாரத்தைத்தான் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறோம். உயிர்வாழ் சான்று கொடுக்கப் போன ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) மூன்று நாள் என்னைத் திரும்ப அனுப்பினார்கள். நான் உயிரோடு எதிரில் நிற்கிறேன், ஆனால் அதைப் பதிந்துகொள்ள சர்வர் இல்லை. ஒரு காகிதத்தில் பெயர், தேதி, நேரம் எழுதி, ‘இன்னார் நேரில் வந்தார், இயந்திரம் வேலை செய்யவில்லை’ என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார்கள்.

அந்த வழக்கத்தை ஏற்படுத்தச் சொல்லித்தான் மனு எழுதியிருக்கிறேன். விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் வைத்துப் பொதுமக்களுக்கு வேலை செய்யும் ஒவ்வொரு அலுவலகத்திலும் பக்க எண் போட்ட ஒரு நோட்டு இருக்கட்டும். சர்வர் நின்றால் வந்தவர் பெயரும் நேரமும் அதில் ஏறட்டும், அவருக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கட்டும், சர்வர் எழுந்த பிறகு அந்த நேரத்தையே அவர் வந்த நேரமாக எடுத்துக்கொள்ளட்டும். மாதக் கடைசியில் எத்தனை பெயர் ஏறியது என்று கூட்டி மேலிடத்துக்கு அனுப்பட்டும். எத்தனை நாள், எத்தனை பேருக்கு வாசல் அடைபட்டது என்ற கணக்கே இன்று யாரிடமும் கையில் இல்லாததால்தான் இதைக் கேட்கிறேன். உங்கள் ஊரில் இப்படி ஒரு நோட்டு ஏற்கெனவே இருக்கிறதென்றால் தெரிவியுங்கள். மனுவோடு அதையும் முன்மாதிரியாகச் சேர்த்துக்கொள்கிறேன்.