விளக்குக்கு முன்னால் ஒரு தாசில்தார்

தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா என்றால் மேடையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "தெருவிளக்கில் படித்து நீதிபதியானார், உன்னால் முடியாதா?" பிள்ளைகளும் கைதட்டுவார்கள். அந்த நீதிபதி சர் தி. முத்துசாமி ஐயர். அவர் கதையில் விளக்கைவிட முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. அவரை மட்டும் மேடையில் யாரும் சொல்வதில்லை.

முத்துசாமி 1832இல் தஞ்சை மாவட்டக் கிராமமொன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பையன் கிராமக் கணக்கருக்கு உதவியாளாகப் போனான். சம்பளம் மாதம் ஒரு ரூபாய். அந்தப் பையனின் கெட்டிக்காரத்தனம் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் கண்ணில் பட்டது. மெச்சிவிட்டுப் போய்விடாமல், அவனை நாகப்பட்டினம் மிஷன் பள்ளிக்கும் பிறகு சென்னைக்கும் படிக்க அனுப்பினார். 1854இல் கட்டுரைப் போட்டியில் அவனுக்குக் கிடைத்த பரிசு 500 ரூபாய். பழைய வேலையில் அதைச் சம்பாதிக்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும்!

தரங்கம்பாடியில் முன்சீப், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட் என்று படிப்படியாக ஏறி, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகள் அந்த நியமனத்தைத் தாக்கி எழுதின. பதில் சொல்ல நம்மவரிடம் பத்திரிகை இல்லை. ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20ஆம் தேதி 80 பிரதிகள் அச்சடித்தார்கள். அதுதான் 'தி இந்து'. 1893இல் முத்துசாமி ஐயர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்தார். 1895இல் காலமானார்.

நாகப்பட்டினம் என்ற பெயர் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. மலாக்காத் தோட்டங்களுக்கு வந்த நம் தாத்தா பாட்டிகளில் பலர் கப்பலேறிய துறைமுகம் அது. அவர்களிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். முத்துசாமி ஏழைதான். ஆனால் கணக்கர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுத அவருடைய சாதி குறுக்கே நிற்கவில்லை. கப்பலேறியவர்களில் எத்தனையோ பேருக்குப் பள்ளிக்கூட வாசலே திறக்கவில்லை. அவர்களிடம் "விளக்கில் படித்திருக்கலாமே" என்று யார் சொல்ல முடியும்?

இன்று விளக்குக்குப் பஞ்சமில்லை, தாசில்தாருக்குத்தான் பஞ்சம். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ எஸ்.பி.எம். முடித்த பிள்ளை ஒன்று, மெட்ரிகுலேஷனுக்கு எப்படி மனுச் செய்வது, எந்தக் கடிதம் யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் வீட்டில் இருக்கும். கடைசி நாள் முடிந்த பிறகுதான் அக்கம்பக்கத்தில் விஷயம் தெரியவரும். "ஐயோ, முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்போம்.

நாம்தான் முன்னாடியே கேட்டிருக்க வேண்டும். தாசில்தார் உத்தியோகம் வேண்டாம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, பாரம் அனுப்பிட்டியா?" என்று கேட்டால் போதும். இந்த வாரமே கேட்டுப் பாருங்களேன்.