சலிப்பைக் காவல் காப்பவர்கள்

அமானுஷ்யக் கதை என்றால் பேயோ வேற்றுக்கிரகவாசியோ வந்து புகுந்து இயல்பு வாழ்க்கையைக் குலைக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. தனிகாவா நகாருவின் நாவல்களைக் கொண்டு கியோட்டோ அனிமேஷன் 2006இல் எடுத்த ‘ஹாருஹி சுசுமியாவின் விசனம்’ தொடர் அதைத் தலைகீழாக்கியது. பள்ளி மாணவி ஹாருஹிக்கு உலகையே மாற்றியமைக்கும் ஆற்றல் உண்டு. அது அவளுக்கு மட்டும் தெரியாது. வேற்றுக்கிரகவாசி, காலப்பயணி, மனோசக்தி படைத்தவர் என்று தேடிப் பிடிக்க ஒரு மன்றம் தொடங்குகிறாள். மூன்று வகையினரும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதிசயம் எதுவும் அவள் கண்ணில் படாமல், செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாகவே கழியும்படி காவலிருப்பதுதான் அவர்களுடைய வேலை. இத்தொடரில் அமானுஷ்யம் அன்றாடத்துக்கு ஊழியம் செய்கிறது. உண்மையான புதிர் அன்றாடம்தான்.

ஹாருஹியின் விசனமே ஒரு கணக்கில் பிறந்தது. சிறுமியாக பேஸ்பால் மைதானத்தில் 50,000 பேர் திரண்டிருப்பதைப் பார்க்கிறாள். ஜப்பானின் மக்கள்தொகையில் அது கடுகளவு என்று வீட்டில் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்ததும், தன் வீடும் வகுப்பும் எல்லா ஊரிலும் இருப்பவைதான் என்று தெரிந்துபோகிறது. இந்தச் சலிப்புக்குத் தொடர் சொல்லும் பதிலை, தனிகாவாவே திரைக்கதை எழுதிய மழைநாள் அத்தியாயத்தில் காணலாம். கதைசொல்லியான கியோன் மின்சாதனக் கடையிலிருந்து ஒரு ஹீட்டரைத் தூக்கிவரப் போகிறான். ஒரு கட்டத்தில் கேமரா அவனை விட்டுவிட்டு, மன்ற அறையில் புத்தகம் படிக்கும் வேற்றுக்கிரகவாசி நாகாட்டோ யூகியின் மீதே நிலைகுத்தி நிற்கிறது. பக்கம் புரள்வதைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை. திரும்பி வந்த கியோன் களைப்பில் தூங்கி விழிக்கும்போது அவன்மேல் இரண்டு கம்பளிச் சட்டைகள் கிடக்கின்றன. போர்த்தியது யார் யார் என்று கேட்க வைத்துவிட்டு அத்தியாயம் நகர்ந்துவிடுகிறது.

இதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று தள்ளுபவர்கள் 2009இன் ‘முடிவற்ற எட்டு’ வரிசையைக் காட்டுவார்கள். ஆகஸ்ட் மாதக் கடைசி இரண்டு வாரங்கள் 15,000 முறைக்கு மேல் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. அதை எட்டு அத்தியாயங்களாகக் காட்டினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். நான்கோடு நிறுத்தியிருக்கலாம் என்பதே நம் கருத்தும். ஆனால் ஏமாற்றுவேலை என்ற குற்றச்சாட்டு நிற்காது. ஒவ்வொரு அத்தியாயமும் புதிதாக வரையப்பட்டது, புதிதாகக் குரல்பதிவு செய்யப்பட்டது. உடைகளும் கோணங்களும் வாரந்தோறும் மாறின. அத்தனை சுற்றுகளையும் நினைவில் சுமப்பவள் நாகாட்டோ ஒருத்திதான். பார்வையாளரை அவள் நாற்காலியில் உட்கார்த்தி வைக்கிறார்கள். கடைசியில் பூட்டைத் திறப்பது மந்திரமல்ல, எல்லோரும் சேர்ந்து விடுமுறை வீட்டுப்பாடத்தை எழுதுவது. அந்தச் சுமையின் விளைவை 2010இல் வந்த திரைப்படம் காட்டியது. உலகைத் திருத்தும் வாய்ப்பு நாகாட்டோ கைக்கு வந்ததும், அதிசயங்களற்ற ஓர் உலகில் தன்னை இலக்கிய மன்றத்தின் கூச்சமுள்ள சாதாரணப் பெண்ணாக மாற்றிக்கொள்கிறாள்.

அப்படியானால் கியோன் அந்த இயல்பான உலகை மறுத்துப் பழைய விசித்திர உலகுக்கே திரும்புவது ஏன்? இது வலுவான ஆட்சேபம். ஆனால் அவன் தேடித் தவிப்பது அதிசயங்களையல்ல, பள்ளிவிட்டதும் போய் உட்கார ஒரு அறை, ஒரு குவளைத் தேநீர், நச்சரிக்கும் அதே நான்கு பேர். பழகிய பிறகு வேற்றுக்கிரகவாசியும் அன்றாடம்தான்.

ஒரு குறையை மட்டும் எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது. கணினி மன்றத் தலைவரின் கையை மன்றத்தின் காலப்பயணி அசஹினா மிகுருவின் மார்பில் வலிந்து வைத்துப் படமெடுத்து, அதைக் காட்டி மிரட்டி ஹாருஹி ஒரு கணினியைப் பறிக்கும் காட்சி நகைச்சுவை என்றே வைக்கப்பட்டிருக்கிறது. தொடருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும்: மன்றம் ஒரு படம் எடுக்கும் 2009 அத்தியாயம் ஒன்றில் மிகுருவுக்காகக் கியோன் ஹாருஹியை அடிக்கக் கையோங்குகிறான். மனோசக்தி படைத்த கொய்சுமி தடுக்கிறான், சமாதானம் ஆகிறது, படப்பிடிப்பு தொடர்கிறது. மிகுருவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.